கேட்டறியாத சொல்லை வாசிக்கும் குழந்தைகள்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றிய விவாதம், அதை எந்த வகுப்பில் தொடங்குவது, எந்தப் பயிற்றுமொழியில் நடத்துவது என்ற இரண்டு கேள்விகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. வீட்டிலும் தெருவிலும் பேசப்படாத ஒரு மொழியின் எழுத்தைப் பார்க்கும் குழந்தை, அதை எவ்வாறு சொல்லாக்குகிறது, அந்தச் சொல்லிலிருந்து எவ்வாறு பொருளை எட்டுகிறது என்ற அடிப்படைக் கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. இந்திய ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ‘ஏசர்’ அறிக்கையின்படி, எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்த ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் நாடு முழுவதிலும் 2016இல் 24.7 விழுக்காடாகவும் 2022இல் 24.5 விழுக்காடாகவும் இருந்தனர். இடையில் பெருந்தொற்று பள்ளிகளை மூடிப்போட்டதைக் கணக்கில் கொண்டாலும், பள்ளியில் ஐந்தாண்டுகளைக் கழித்த குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு ஒரு சிறிய ஆங்கில வாக்கியம் எட்டாமல் போவதைக் குழந்தைகளின் குறையாகவோ ஆசிரியர்களின் அசட்டையாகவோ மட்டும் பார்ப்பது நியாயமாகாது. கற்பிக்கும் முறைக்குள்ளேயே பிழை இருக்கிறதா என்று ஆராய வேண்டும்.

வாசிப்பு என்பது என்ன என்பதற்கு, ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1986இல் தந்த விளக்கம் இன்றும் பயனுள்ளது. எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் ஒன்று, காதால் கேட்கும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இவ்விரண்டையும் பெருக்கக் கிடைப்பதே வாசித்துப் பொருளுணரும் திறன் என்றனர் அவர்கள். கூட்டல் என்னாமல் பெருக்கல் என்று அவர்கள் சொன்னது கருதிப் பார்க்கத்தக்கது. கூட்டலில் ஒன்று சுழியமானாலும் மற்றது எஞ்சும். பெருக்கலில் எது சுழியமானாலும் விடை சுழியமே. எழுத்துகளையெல்லாம் தட்டுத்தடுமாறாமல் ஒலிக்கத் தெரிந்தும், ஒலித்த சொல்லின் பொருள் அறியாத குழந்தை வாசிக்கவில்லை. மொழியைக் கேட்டுப் புரிந்துகொண்டும் எழுத்தை ஒலியாக்கத் தெரியாத குழந்தையும் வாசிக்கவில்லை.

இங்கிலாந்தில் பிறந்து ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் குழந்தை ஐந்து வயதில் பள்ளிக்குள் நுழையும்போதே சில ஆயிரம் சொற்களைக் காதால் அறிந்திருக்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம், தான் முன்பே அறிந்த சொற்கள் தாளில் எந்த வடிவில் இருக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்கும் திறவுகோல் மட்டுமே. அந்நாட்டில் 2012 முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடத்தப்படும் வாசிப்புச் சோதனையில் 40 சொற்கள் தரப்படுகின்றன. அவற்றுள் 20 சொற்கள் பொருளே இல்லாத புனைசொற்கள். குழந்தை ஒரு சொல்லை நினைவிலிருந்து சொல்கிறதா, எழுத்தைப் பார்த்து ஒலிக்கிறதா என்று பிரித்தறிவதற்காகவே அவை சேர்க்கப்படுகின்றன. அதே பட்டியலைத் திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் குழந்தை முன் வைத்தால், மீதமுள்ள 20 சொற்களும் அதற்குப் பெரும்பாலும் புனைசொற்களாகவே இருக்கும். சரியாக ஒலித்த பிறகும், அந்த ஒலி போய்ச் சேர்வதற்கு அதன் மனத்தில் ஓர் இடம் இருக்காது. தாய்மொழியாக ஆங்கிலத்தைப் பேசுவோருக்கென்று வகுக்கப்பட்ட முறைகளை அப்படியே இறக்குமதி செய்வதிலுள்ள அடிப்படைச் சிக்கல் இது.

உள்ளூரில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறையோ வேறொரு வகையில் பழுதுபட்டது. ‘சி-ஏ-டி கேட், கேட் என்றால் பூனை’ என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பாராயணம் செய்வதே அம்முறை. சி, ஏ, டி என்பவை எழுத்துகளின் பெயர்கள். அவற்றை எவ்வளவு விரைவாகச் சேர்த்துச் சொன்னாலும் ‘சியேடி’ என்று வருமே தவிர ‘கேட்’ என்று வராது. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றே. ‘ப’, ‘ட’, ‘ம்’ என்று எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே போனால் ‘படம்’ தானாக வந்துவிடும். இந்த ஒழுங்கைத் தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்ட குழந்தை, அடுத்த பாடவேளையில் அதே ஒழுங்கு சிதைந்து கிடப்பதைக் காண்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லை என்றும், ஒவ்வொரு சொல்லையும் ஓர் உருவமாக மனப்பாடம் செய்வதே வழி என்றும் முடிவு செய்கிறது. எழுத்து வரிசையைப் பிழையின்றி நினைவில் வைக்கப் பாராயணம் உதவுவதால், சொல்வதெழுதுதலில் அந்தக் குழந்தைக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைக்கலாம். பாடநூலில் புதிய சொற்கள் வெள்ளமாகப் பெருகும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் நினைவாற்றல் அந்தச் சுமையைத் தாங்காது. இரண்டாம் வகுப்பில் ‘நன்றாகப் படித்த’ குழந்தை ஐந்தாம் வகுப்பில் திடீரெனப் பின்தங்குவதாகப் பெற்றோர் வருந்துவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

குழந்தையின் முடிவுக்கு ஆங்கில எழுத்துமுறையும் துணைபோகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 26 எழுத்துகளைக் கொண்டு 44 அளவிலான ஒலிகளைக் குறிக்க வேண்டிய மொழி அது. ஓ, யூ, ஜி, எச் ஆகிய நான்கு எழுத்துகளும் அடுத்தடுத்து வரும் கூட்டு, ‘த்ரூ’ என்ற சொல்லில் ‘ஊ’ என்றும், ‘தோ’ என்ற சொல்லில் ‘ஓ’ என்றும், ‘டஃப்’ என்ற சொல்லில் ‘அஃப்’ என்றும் ஒலிக்கும். ஆங்கிலேயக் குழந்தைகளுக்கே இது கடினமானது. ஸ்காட்லாந்து ஆய்வாளர் ஃபிலிப் சீமரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் குழந்தைகளின் தொடக்க வாசிப்பை ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், முதலாம் ஆண்டு முடிவில் ஃபின்னியம், கிரேக்கம், ஜெர்மன் ஆகிய மொழிகளின் குழந்தைகள் பழகிய சொற்களை ஏறத்தாழ முழுவதும் சரியாக வாசித்தனர். ஆங்கிலம் பேசும் குழந்தைகள் நூற்றுக்கு 34 அளவிலேயே வாசித்தனர். தாய்மொழியாகக் கொண்டவர்களே இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்துத் தேறும் எழுத்துமுறையை, அம்மொழியைக் கேட்டும் பழகாத குழந்தை ஓராண்டில் கடந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் கருணையும் இல்லை, கணக்கும் இல்லை.

இந்த இடத்தில்தான் ‘ஃபோனிக்ஸ்’ எனப்படும் எழுத்தொலி முறை வருகிறது. எழுத்துகளின் பெயர்களை ஒதுக்கிவைத்து, ஒவ்வோர் எழுத்தும் எழுத்துக் கூட்டும் தரும் ஒலியை வரிசை முறையில் கற்பித்து, அந்த ஒலிகளை இணைத்துச் சொல்லாக்கப் பழக்குவது இம்முறை. எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்குவது அதில் பரவலான வழக்கம். ஆறே எழுத்துகளில் உட்கார், ஊசி, குழாய், தட்டு போன்ற பொருள் தரும் சிறு சொற்கள் பல அமைந்துவிடுவதால், முதல் சில வாரங்களிலேயே குழந்தை தானாகச் சொற்களை வாசிக்கும் மகிழ்ச்சியை அடைகிறது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் அளித்த அறிக்கையும், இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் தலைமையில் 2006இல் வெளியான ஆய்வறிக்கையும் முறைப்படுத்தப்பட்ட எழுத்தொலிப் பயிற்சியை வலியுறுத்தின. ஆனால் அதே அமெரிக்க அறிக்கை எழுத்தொலிப் பயிற்சியோடு, ஒலியன் உணர்வு, சரளம், சொல்வளம், பொருளுணர்வு ஆகிய நான்கையும் சேர்த்து ஐந்து கூறுகளாகவே வாசிப்பை வகுத்தது என்பதை இங்குள்ள ஃபோனிக்ஸ் வகுப்புகளின் விளம்பரங்கள் சொல்வதில்லை. பெருக்கல் கணக்கில் ஓர் எண்ணை மட்டும் உயர்த்தித் தருவதாகச் சொல்லிப் பெற்றோரிடம் கட்டணம் வாங்கும் இடங்கள் பெருகிவிட்டன. அங்கே பயிலும் நான்கு வயதுக் குழந்தை பொருளறியாச் சொற்களை இனிய உச்சரிப்பில் ஒலிப்பதையே வாசிப்பு என்று பெற்றோரும் நம்பிவிடுகின்றனர்.

தமிழ்க் குழந்தைக்கு எழுத்தொலி முறையைக் கற்பிப்பதில் ஒரு பெரும் வசதி உண்டு. அது பெரும்பாலான வகுப்பறைகளில் பயன்படாமல் கிடக்கிறது. சொல்லைத் தனித்தனி ஒலியன்களாகப் பிரித்துக் கேட்கும் திறனே ஒலியன் உணர்வு. ஆங்கிலக் குழந்தைகளுக்கு அதைத் தனிப் பயிற்சியாகவே கற்பிக்கின்றனர். தமிழ்க் குழந்தையோ ‘க்’ என்னும் மெய்யும் ‘அ’ என்னும் உயிரும் சேர்ந்தால் ‘க’ என்னும் உயிர்மெய் பிறக்கும் என்பதை எழுத்துக் கற்கும்போதே அறிந்துகொள்கிறது. மெய்யைப் புள்ளியிட்டு எழுதுவதைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. இந்திய எழுத்துமுறைகள் பலவற்றில் மெய்கள் அடுத்தடுத்து வரும்போது ஒன்றோடொன்று பிணைந்து கூட்டெழுத்தாகி மறைந்துவிடுகின்றன. தமிழில் புள்ளி மெய்யைத் தனித்துக் காட்டுகிறது. எம் என்ற ஆங்கில எழுத்தின் ஒலி ‘ம்’ என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினால், எழுத்தொலி முறையைக் கற்பிப்போர் பலர் செய்யும் ஒரு தவறும் நேராது. ‘ம’, ‘ட’, ‘ப’ என்று ஒவ்வொரு மெய்யோடும் ஓர் உயிரை ஒட்டிச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவற்றை இணைக்கத் தெரியவில்லை என்று குழந்தையை நொந்துகொள்வதே அத்தவறு. தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருவரேயான தொடக்கப் பள்ளியில், இந்தப் பாலத்தைப் போடுவதற்குப் புதிய செலவு ஏதும் இல்லை.

பாலம் எங்கே முடிகிறது என்பதையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். வல்லினத்தின் வல்லோசையும் மெல்லிய ஓசையும் தமிழில் இடத்தைப் பொறுத்து மாறுவதால், அவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடே பொருளை மாற்றும். முதுகு, பை, மூட்டை கட்டுதல் ஆகிய மூன்றையும் குறிக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தில் ‘பேக்’ என்ற ஒரே வடிவம் பெறுகின்றன. பாயும் தோழனும் ‘மேட்’ என்றாகின்றன. ஆங்கில வரிகளுக்குக் கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைத்துப் படிக்கும் பழக்கம் பள்ளிகள்தோறும் உள்ளது. பேச்சுத் தொடர்கள் சிலவற்றை நினைவில் வைக்க அது உதவலாம், ஆனால் வாசிப்புக்கு அது தடை. கண் தமிழ் வரியிலேயே நின்றுவிடுவதால் மேலேயுள்ள ஆங்கில எழுத்தைப் பார்க்கும் தேவையே குழந்தைக்கு ஏற்படுவதில்லை. அதே வேளையில் ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்று ஒலிக்கும் குழந்தையை வாசிக்கத் தெரியாத குழந்தையாகக் கருதுவதும் தவறு. அது அந்தக் குழந்தையின் நாவுக்கு இயல்பான ஒலிப்பு. சொல்லை அடையாளம் கண்டு பொருளையும் அது சொல்லிவிட்டால் வாசிப்பு நிகழ்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

தமிழ் எழுத்தறிவு பாலமாக வேண்டுமானால் முதலில் அது உறுதியாக நிற்க வேண்டும். 247 எழுத்துகளைக் கொண்ட எழுத்துமுறையைக் குழந்தை ஓராண்டில் கைவசப்படுத்திவிடாது. கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் மேற்கொண்ட ஆய்வுகள், அட்சர வகை எழுத்துமுறைகளைக் கற்றுத் தேறத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் தேவைப்படுவதைக் காட்டியுள்ளன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012–13ஆம் கல்வியாண்டு முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியதில், இரண்டு எழுத்துமுறைகளும் ஒரே நேரத்தில் குழந்தையின் மேல் விழுகின்றன. ஆங்கிலத்தை நாடும் பெற்றோரின் விருப்பம் முற்றிலும் நியாயமானது. உயர்கல்வியின் வாயிலும் வேலையின் வாயிலும் அம்மொழியில்தான் திறக்கின்றன என்பதைத் தம் வாழ்வில் கண்டவர்கள் அவர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, ஆங்கிலத்தைத் தள்ளிப்போடுங்கள் என்பதன்று. ஆங்கில எழுத்தை ஓராண்டு, ஒன்றரை ஆண்டு தள்ளிவைத்து, அந்தக் காலம் முழுவதும் ஆங்கிலத்தைக் காதுக்குத் தாருங்கள் என்பதே. ஒரு மொழியில் ஊன்றிய வாசிப்புத் திறன் மற்றொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடா நாட்டுக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் எடுத்துரைத்துவந்தார். எழுத்து என்றால் என்ன, வாக்கியம் எங்கே முடிகிறது, கதையில் அடுத்து என்ன வரக்கூடும் என்பவற்றை ஒரு முறை கற்றால் போதும். இரண்டாம் மொழிக்காக அவற்றைத் திரும்பக் கற்க வேண்டியதில்லை.

இந்தியக் குழந்தைகளுக்கு ஆங்கில வாசிப்பைக் கற்பிப்பது பற்றி நூறாண்டுக்கு முன்பே ஆழ்ந்து சிந்தித்தவர் ஒருவர் உண்டு. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளச் சிறுவர்களிடம் செய்த சோதனைகளை அடிப்படையாகக் கொண்டு 1926இல் இருமொழியம் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். பள்ளியில் சேரும் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமலே விலகிவிடுவதைக் கண்ட அவர், காப்பீட்டுத் துறையின் கருத்தொன்றைக் கல்விக்குப் பொருத்தினார். காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் முறித்துக்கொள்பவருக்குக் கைக்கு வரும் தொகையைப் போல, பாதியில் படிப்பை நிறுத்தும் மாணவனின் கையில் எஞ்சும் பயன் என்ன என்பதே அவர் கேட்ட கேள்வி. இலக்கணமும் பேச்சும் எழுத்தும் கால்வாசி கற்றவனுக்கு எதுவும் எஞ்சாது. எளிய நூல்களை வாசிக்கக் கற்றவனுக்கு அந்த அளவு வாசிப்பு வாழ்நாள் முழுவதும் எஞ்சும் என்று அவர் வாதிட்டார். அன்றைய வாசக நூல்களில் அரிய சொற்கள் நெருக்கமாக வந்து, மறுபடி வராமலே மறைந்துபோவதைச் சுட்டிக்காட்டி, அடிக்கடி வழங்கும் சொற்களைக் கொண்டு, புதிய சொற்களை இடைவெளிவிட்டுப் புகுத்தி, திரும்பத் திரும்ப வரச்செய்யும் வாசகங்களை எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட, ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள் கொண்ட பொதுச் சொற்பட்டியல் பல பத்தாண்டுகள் உலகெங்கும் பயன்பட்டது. பேச்சுக்கு இரண்டாம் இடம் தந்தது அவருடைய முறையின் குறை. வாசிப்பில் முன்னேற வேண்டிய குழந்தைக்கும் காது வழியான சொல்வளம் வேண்டும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் உணர்த்தின. புதிய சொற்களை அளந்து தர வேண்டும் என்ற அவருடைய கோட்பாடு மட்டும் இன்றும் மாறாத தேவையாகவே நிற்கிறது. இங்குள்ள ஆங்கிலப் பாடநூல்கள் பலவும் அதை மறந்தே எழுதப்படுகின்றன.

அளந்து தந்த சொற்கள் ஊன்றுவதற்குப் பாடநூல் ஒன்று போதாது. வார்விக் எல்லி, ஃபிரான்சிஸ் மங்குபாய் ஆகிய இருவரும் ஃபிஜித் தீவின் ஊரகப் பள்ளிகளில் 1980 வாக்கில் நடத்திய சோதனை இதற்குச் சான்று. ஃபிஜி மொழியையோ இந்திய வம்சாவளியினரின் இந்தியையோ வீட்டில் பேசிய நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளின் வகுப்பறைகளில், படங்கள் நிறைந்த 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வைக்கப்பட்டன. சில வகுப்புகளில் ஆசிரியர் கதையை உரக்க வாசித்துக் குழந்தைகளோடு உரையாடினார்; சிலவற்றில் நாள்தோறும் சிறிது நேரம் குழந்தைகள் தாமே அமைதியாக வாசித்தனர். எட்டு மாதங்களில் அவர்களுடைய வாசிப்பும் கேட்டுணரும் திறனும் வழக்கமான பாடநூல் வகுப்புகளின் முன்னேற்றத்தைப் போல் இரு மடங்கு வளர்ந்திருந்தன. இரண்டாம் ஆண்டில் அந்த வளர்ச்சி எழுத்துத் திறனுக்கும் பரவியது. தமிழ், சீனம், மலாய் ஆகிய தாய்மொழிகளோடு வரும் குழந்தைகள் ஆங்கிலத்தில் பயிலும் சிங்கப்பூர், 1985இல் தொடங்கிய தொடக்கப் பள்ளித் திட்டத்தில் ஆசிரியரும் குழந்தைகளும் பெரிய எழுத்துப் புத்தகத்தைச் சேர்ந்து வாசிக்கும் முறையைப் பரவலாக்கியது. கதை என்ற ஒன்று நடுவில் இருக்கும்போது சொல் காதில் விழுகிறது, படத்தில் தெரிகிறது, எழுத்தில் நிற்கிறது; மூன்றும் ஒரே நேரத்தில் நிகழ்வதால்தான் அது குழந்தையின் சொல்லாகிறது.

இதற்கெல்லாம் ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசும் ஆசிரியர்கள் எங்கே என்ற கேள்வி உடனே எழும். எளிய கதையொன்றை ஒத்திகை பார்த்து உரக்க வாசிப்பதற்கு மேடைப் பேச்சாளரின் ஆங்கிலம் தேவையில்லை. ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தை வாசித்து, தமிழில் அதைப் பற்றிக் கேட்டுப் பேசி, மீண்டும் ஆங்கிலத்தில் வாசிக்கும் ஆசிரியர் நல்ல ஆசிரியரே. ஆங்கில வகுப்பில் தமிழ் ஒலிக்கவே கூடாது என்று தடைபோட்டு, தமிழில் பேசும் குழந்தைக்கு அபராதம் விதிக்கும் தனியார் பள்ளிகள் குழந்தை புரிந்துகொள்ளும் ஒரே வழியை அடைத்துவிடுகின்றன. ஐந்து வகுப்புகளுக்கும் இருவரே பொறுப்பேற்கும் ஈராசிரியர் பள்ளிகளில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். இது சென்னைக்குப் புதிதன்று. 1789 முதல் எழும்பூரில் ஆண் அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது கடல் கடந்து சென்று, இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகள் பலரும் அம்முறையிலேயே எழுத்தறிவு பெற்றனர்.

தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பது சரியான திசையில் எடுத்துவைத்த அடி. அதன் ஆங்கிலப் பகுதியில் குழந்தையின் நிலையை எழுத்தறிவை மட்டும் கொண்டு அளக்காமல், கேட்டுப் புரிந்துகொள்ளும் சொற்களைக் கொண்டும் அளந்தால் அந்தப் பிரிவினைக்கு முழுப்பொருள் கிடைக்கும். ‘வாசிப்பு இயக்கம்’ வழியாக நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்த சிறு தமிழ்ப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்குச் சென்றுள்ளன. அதே படிநிலைகளில் ஆங்கிலப் புத்தகங்களும், ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எதிரெதிர்ப் பக்கங்களில் தரும் இருமொழிப் புத்தகங்களும் அடுத்துச் செல்ல வேண்டும். சென்னையின் தூலிகா பதிப்பகம் இத்தகைய இருமொழிப் படப்புத்தகங்களை நெடுங்காலமாக வெளியிட்டுவருவதால், செய்முறை தெரியாத துறை என்று இதைத் தட்டிக்கழிக்க இயலாது.

தேர்வுமுறை மாறாமல் இவற்றுள் எதுவும் வகுப்பறைக்குள் நிலைக்காது. பாடநூலின் வினாவிடைகளை மனப்பாடமாக எழுதும் குழந்தைக்கு மதிப்பெண் கிடைக்கும் வரை, ஆசிரியரும் அதையே சொல்லிக்கொடுப்பார். மூன்றாம் வகுப்பு முடிவில் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு சிறு சோதனைகள் போதும். முதலாவதில், பாடநூலில் இல்லாத ஐந்தாறு வரி ஆங்கிலக் கதையொன்றை ஆசிரியர் வாசிக்க, குழந்தை கேட்டு விடை சொல்ல வேண்டும். இரண்டாவதில், அதே அளவு கடினமான வேறொரு கதையைக் குழந்தையே வாசித்து விடை சொல்ல வேண்டும். முதலாவதில் தடுமாறும் குழந்தைக்கு மேலும் கேட்கவும் பேசவும் வாய்ப்பு வேண்டும். முதலாவதில் தேறி இரண்டாவதில் தடுமாறும் குழந்தைக்கு எழுத்தொலிப் பயிற்சி வேண்டும். இரண்டிலும் தேறிய குழந்தைக்குப் புத்தகங்கள் வேண்டும். இரண்டு சோதனைகளிலும் குழந்தை தமிழில் சொல்லும் விடைக்கும் முழு மதிப்பெண் தரப்பட வேண்டும். அங்கே அளக்கப்படுவது, கேட்டதையும் வாசித்ததையும் அக்குழந்தை எந்த அளவுக்குப் புரிந்துகொண்டது என்பது மட்டுமே.